கோந்து டீமெனின் கடைசிப் பந்தயம்

டீமென் ஃபெர்ஹெல்ஸ்ட்டைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: மற்றவர்களின் முதுகை அவன் அளவுக்குப் பார்த்தவன் பெல்ஜியத்தில் எங்கள் ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலேயே கிடையாது.

பதினாலு வருஷம் சம்பளம் வாங்கிச் சைக்கிள் ஓட்டினான். எல்லாம் எங்கள் பக்கத்துப் பந்தயங்கள்தான். மார்ச்சிலும் ஏப்ரலிலும், மழையிலும் சாணிச் சேற்றிலும், கருங்கல் பாவிய மேடுகளில் ஏறி இறங்கி ஒரே நாளில் முடிந்துவிடுபவை. வாரக்கணக்கில் ஓடுகிற பந்தயத்தில் இன்று சொதப்பினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே சாயங்காலத்துக்குள் ஜெயித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டும். டீமென் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனான்.

ஊஸ்தெர்ஹெம் என்கிற எங்கள் ஊரில் தேவாலயத்துக்கு எதிரே பீர்க்கடை நடத்துகிறவள் நான், மார்லேன். அவனுடைய ரசிகர் மன்றம் என் கடையில்தான் கூடும். ஆரம்பத்தில் கடை கொள்ளாத கூட்டம். கொடி என்ன, பஸ் என்ன, ஊரே ஒரு சாம்பியனைப் பெற்றுவிட்ட மாதிரி மிதப்பு என்ன. இப்போது வருகிறவர்கள் என் மாட்டிறைச்சிக் குழம்புக்காக வருகிறார்கள்.

எதிர்க்காற்று எங்கள் ஊரில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. முன்னால் போகிறவன் அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு சாவான். அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவன் பாதி உழைப்பில் வந்துவிடுவான். அதனால்தான் மாற்றி மாற்றி முன்னால் போக வேண்டும் என்று ஒரு மரியாதை இருக்கிறது. டீமெனுக்கு அந்த மரியாதை மட்டும் பழக்கமில்லை. அவன் முறை வந்தால் நீயே போ என்று முழங்கையை ஆட்டுவான், மூச்சு வாங்குவான், "டீம் கார்ல இருந்து வேணாம்னு சொல்லிட்டாங்க" என்பான். அவனுக்குக் கோந்து என்று பெயர் வைத்தவர்கள் எதிரிகள் இல்லை, அவன் அணிக்காரர்களே.

பெரிய பந்தயத்தில் ஒரு தடவை ஒன்பதாவதாக வந்தான். மன்றம் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு என் கடைச் சுவரில் மாட்டியது. படத்தில் ஒரு டேனிஷ்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறான். அவன் தோளுக்கு மேலே பாதித் தலைக்கவசம் தெரிகிறதே, அதுதான் நம்ம ஆள். வருகிறவர்கள் எல்லாம் டேனிஷ்காரனைக் காட்டி, இவர்தான் டீமெனா என்று கேட்பார்கள்.

இந்தக் கூத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் அவன் மனைவி லீஸ்பெத்தை நினைத்துத்தான். முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஆறு நாள் கிழவர்களைப் புரட்டிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கரங்களையும் தண்ணீர் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு வயல் ஓரத்தில், கருங்கல் ரோடு முடிகிற இடத்தில் நிற்பாள். டயர் வெடித்தால் மாற்றிக் கொடுக்க. எங்கள் வீரர்களின் மனைவிமார் பிழைப்பு அது. கூட்டத்தில் எவனாவது வாயைக் கிளறுவான்.

"என்னம்மா, உன் புருஷன் இன்னிக்கு யார் முதுகுல ஏறி வர்றாரு?"

"முடிஞ்சதைப் பண்றாரு. அவர் கால்ல அவ்வளவுதான் இருக்கு" என்பாள். கோபமே வராது. எனக்கு வரும்.

ஓய்வு பெறப்போகிறேன் என்று டீமென் அறிவித்தபோது, அவன் இன்னும் ஓய்வில் இல்லையா என்று என் கடையில் ஒருவர் கேட்டார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். பதினாலு வருஷத்தில் ஒரு வெற்றி கிடையாது என்றாலும் ஓய்வு பெறுகிறவனுக்கு அக்டோபரில் சொந்த ஊரில் ஒரு வழியனுப்புப் பந்தயம் வைப்போம். கூட ஓட்டினவர்கள் எல்லாரும் வந்து ஊர்த் தெருக்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். கடைசியில் ஓய்வு பெறுகிறவன் ஜெயிப்பான். இது ஏற்பாடு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஜெயித்தவன் மனைவியோடு, மேடையாக நிறுத்திய லாரி மேல் ஏறிப் பூங்கொத்து வாங்குவான். ஒருத்தரும் ஏமாறுவதில்லை. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிற மாதிரிதான்.

லீஸ்பெத் அதற்காகப் பச்சை நிறத்தில் ஒரு கோட்டு வாங்கியிருந்தாள். கடைக்கு வந்து போட்டுக் காட்டினாள்.

"நல்லா இருக்கா மார்லேன்? அந்த லாரியில ஒரே ஒரு தடவை ஏறிடணும். எத்தனை பேரு ஏறுறதை சேத்துல நின்னு பார்த்திருக்கேன்."

"ஏறாம? ஊரே சேர்ந்து ஏத்தி விடுதே."

அதற்கப்புறம் எனக்கு நிலை கொள்ளவில்லை. பந்தயத்தன்று காலை அவனைக் கடை வாசலில் பிடித்துக்கொண்டேன். அந்த வசந்தத்தில் பெரிய பந்தயம் ஒன்றை ஜெயித்திருந்த சாண்டர் கோல் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு அவனை இழுத்து வருவதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

"கடைசித் திருப்பம் தாண்டினதும் சாண்டர் ஒதுங்குவான். நீ போகணும். தெரியுதா?"

"தெரியுது."

"போறதுன்னா முன்னாடி போறது."

"மார்லேன், நான் சின்னப்புள்ளையா?"

ஏற்பாட்டின்படியே எல்லாம் நடந்தது. கடைசிச் சுற்றில் சாண்டரும் டீமெனும் மட்டும் தனியாக வந்தார்கள். மற்றவர்கள் பின்னால் வேண்டுமென்றே ஊர்ந்துகொண்டிருந்தார்கள். பேக்கரித் திருப்பத்தில் இருவரும் தெரிந்ததும் ஊரே கத்தியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னை ஒட்டிப் பச்சைக் கோட்டில் லீஸ்பெத் நின்றாள். பூங்கொத்து வைத்திருந்த கவுன்சிலர் தயாராக லாரி ஓரத்துக்கு வந்தார்.

சாண்டர் திரும்பிப் பார்த்து இடது பக்கம் ஒதுங்கினான். டீமெனும் இடது பக்கம் ஒதுங்கினான்.

சாண்டர் வலது பக்கம் போனான். இவனும் அவன் சக்கரத்தை விடாமல் வலது பக்கம் போனான். சாண்டர் வேகத்தைக் குறைத்தான், இவனும் குறைத்தான். முடிவுக் கோடு கண்ணெதிரே இருக்கிறது, நடந்தே போகலாம். இரண்டு பேரும் கிட்டத்தட்ட நின்றுவிட்டார்கள். கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. சாண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது எங்களுக்கே கேட்டது.

"போய்யா. உன் பொண்டாட்டி பார்த்துட்டு இருக்கா. போய்த் தொலை."

டீமென் தலையைத் தூக்கிப் பார்த்தான். முடிவுக் கோட்டைப் பார்த்தான், எங்களையும் பார்த்தான். பிறகு முழங்கையை ஆட்டினான், நீ முதலில் போ என்பது போல.

அதற்குள் பின்னால் இருந்த கும்பல் திருப்பத்தில் வந்துவிட்டது. பந்தயம் முடிந்திருக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு வந்த ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர், இவர்களைத் தாண்டிப் போய்க் கோட்டைக் கடந்தார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். யாரும் கைதட்டவில்லை. குழாய்க்காரர் திரும்பிப் பார்த்து, நடந்தது புரிந்ததும் முகம் வெளுத்துப்போய் நேராக லீஸ்பெத்திடம் வந்தார்.

"மன்னிச்சுக்கங்க. முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். பூவை நீங்க வாங்கிக்கங்க."

"வேணாங்க. உங்க வீட்டுக்காரங்களுக்குக் கொடுங்க" என்றாள். குரல் மாறவில்லை.

அரை மணி நேரத்தில் டீமென் என் கடையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலை மயோனைஸில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"நாலாவது. கடைசிப் பந்தயத்துக்கு மோசமில்ல."

"ஏன்டா போகல?"

"சாண்டர் முழுசா ஒதுங்கல மார்லேன். நீ சைக்கிள் ஓட்டினதில்ல, உனக்குப் புரியாது."

அந்தத் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். கடை நிறைய ஆட்கள் இருந்ததால் தப்பித்தான். வயிறு நிரம்பியதும் நண்பர்களோடு கிளம்பிப் போய்விட்டான். காரில் பின்சீட்டில்தான் ஏறினான்.

லீஸ்பெத் போகவில்லை. கோட்டைக் கழற்றாமலே எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு பீர் ஊற்றி வைத்தேன். தொடவில்லை. அவளைத் தேற்ற நினைத்து, விடும்மா, தோற்பது அவனுக்குப் புதிதா என்றேன்.

"தோத்ததுக்கு இல்ல மார்லேன். தோத்தவனோட இருக்கறது எனக்குக் கஷ்டமே இல்ல. இவரால முடியாதுன்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷம் ரோட்டோரத்துல நின்னேன். இன்னிக்கு அவர் மூஞ்சியைப் பார்த்தேன். என்னையும் பார்த்தாரு, முடிவுக் கோட்டையும் பார்த்தாரு. முடியாம இல்ல. வேணாம்னு இருந்துட்டாரு."

அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாய் ஓயாது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவள் தொடாத பீரை எடுத்து நானே குடித்தேன். லீஸ்பெத் கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். முதியோர் இல்லத்தில் இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலை கேட்கப் போவதாகச் சொன்னாள்.