ருக்குமணி அடைத்த ஜன்னல்கள்

சமையலறையில் பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கூடத்தில் மனைவியின் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த சிங்காரவேல் பதறி ஓடினான். ருக்குமணி தலையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தியா? இந்த ஊர் உனக்கு ஆகலை ருக்கு. நாளைக்கே திண்டுக்கல் பஸ் ஏத்திடறேன். உங்கம்மா வீட்டுல இரு."

"நான் போய்ட்டா உங்களுக்கு யாருங்க சோறு போடுவா?"

"கேண்டீன் இருக்கு." சொல்லிவிட்டானே தவிர, அவளை அனுப்ப அவனுக்கு மனசில்லை. கல்யாணமாகி எட்டே மாதம்!

நெய்வேலிக்கு வந்த முதல் நாளே ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பலைப் பார்த்து முகம் சுளித்தவள் ருக்குமணி. அன்றே யுத்தம் தொடங்கிவிட்டது. அவள் வீட்டுத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று பிளாக் முழுக்கக் கேலி பேசினார்கள். அவள் அசரவில்லை. ஜன்னல் இடுக்கிலெல்லாம் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினாள். ஐப்பசியில் கடைசி ஜன்னலும் அடைபட்டது. கார்த்திகையில் தலைவலி வந்தது. டானிக் குடித்தாள், மந்திரித்த கயிறு கட்டினாள். பாழாய்ப்போன வலி நகரவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த குவார்ட்டர்ஸ் வள்ளியம்மாள் வந்தாள். சேத்தியாத்தோப்புக்காரி, நர்ஸ். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, எல்லாத்தையும் சாத்திக்கினு எப்படி அடுப்பெரிக்கிற? வெளிய போனா வலி எப்படியிருக்கு?"

"சொன்னா சிரிப்பீங்க அக்கா. மார்க்கெட் பஸ் ஏறினாலே தெளிஞ்சிடுது."

"அப்ப என்னைப் பார்த்தாத்தான் வலிக்குதா?" என்றான் சிங்காரவேல்.

"நீ சும்மா இரு தம்பி. கரி எரியக் காத்து பத்தலைன்னா ஒரு விஷ வாயு கெளம்பும். வாசனை கெடையாது, கண்ணுக்கும் தெரியாது. ரத்தத்துல ஏறி, மூச்சுக்காத்துக்கு உண்டான எடத்தைப் புடிச்சுக்கும். ஆளையே சாய்ச்சுடும்."

வள்ளியம்மாள் காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள். ருக்குமணி தன் உயிரையே கிழிப்பதுபோல் அலறினாள்.

"ஐயோ அக்கா, சாம்பல்!"

"அதுவும் நெஞ்சுக்கு ஆகாததுதான். தண்ணிப் பானையை மூடு, ஈரத்துணியால தொடை. ரத்தத்துல ஏறினதை எந்தத் துணியால தொடைப்ப? ஒரு வாரம் பார்ப்போம். மறுபடியும் வலிச்சா நானே பஸ் ஏத்தறேன்."

அந்த ஏழு நாளும் சிங்காரவேல் ஷிப்ட் முடிந்து ஓட்டமாக வந்து மனைவியின் நெற்றியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தான்.

எட்டாம் நாள் வள்ளியம்மாள் வந்தபோது ருக்குமணி பாடிக்கொண்டே குழம்பு தாளித்தாள்.

"தலைவலி?"

"மருந்துக்குக்கூட இல்லக்கா!"

"எனக்கு வந்துடுச்சு," என்றான் சிங்காரவேல், கையில் ஈரத்துணியோடு. "ஒரு நாளைக்கு நாலு தடவை ஜன்னலைத் தொடைக்க வைக்கிறா."

"தொடை தம்பி, தொடை. பொண்டாட்டி கூட இருக்கணும்ல?"

வள்ளியம்மாள் சிரித்தபடி படியிறங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்காரவேல் வாசல் கதவைச் சாத்தினான்; ஜன்னல் திறந்தே இருந்தது.