சக்கரம் பட்டுச்சா

எங்க கொழுந்தனுக்கு வீட்டுல வச்ச பேர் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்பிப் பாக்க மாட்டான். நத்தைன்னாத்தான் திரும்புவான், அதுவும் ஆடி அசைஞ்சு. அந்தப் பேரை வச்சது எங்க மாமனார். அவர் பஸ் டிரைவர். வண்டியைக் கொஞ்சம் லேட்டா எடுத்துட்டாருன்னா அன்னைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு புள்ள. இவன் பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள வீட்டுல எல்லாரும் குளிச்சு சாப்பிட்டு முடிச்சிருப்போம். நான் கல்யாணமாகி வந்தப்ப அவனுக்கு மீசைகூட முளைக்கல. அதனால எனக்கு அவன் இவன்னுதான் வாயில வரும், தப்பா நினைக்காதீங்க.

வேலை, டைல்ஸ் போடறது. சோம்பேறின்னு மட்டும் அவனைச் சொல்லிடாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கற கோடு மயிரிழை பிசகினாலும் அவனுக்குப் பொறுக்காது. முட்டி போட்டு, கன்னத்தைத் தரையோட தரையா வச்சு, ஒத்தைக் கண்ணால பாப்பான். சரியில்லன்னா பேத்து எடுத்துட்டு மறுபடியும் போடுவான். எங்க வீட்டு பாத்ரூமை அப்படித்தான் போட்டான். அது முடியற வரைக்கும் நாங்க எதிர்வீட்டு டெய்லரம்மா வீட்டுக்கு வாளியும் துண்டுமா போய்ட்டு வந்தோம். "உன் கொழுந்தன் என்ன, அரண்மனையா கட்டறான்?"னு கேட்டுக் கேட்டே அந்தம்மா என் மானத்தை வாங்குச்சு. ஆனா இன்னைக்கும் அந்தத் தரையில ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது.

அப்புறம் வெளிநாடு போயிட்டான். அங்க பெரிய பெரிய கட்டடமாம், இவன் நிதானத்துக்கு நல்ல மரியாதையாம். மாமா தினமும் போன்ல கேக்கறது ஒரே கேள்விதான்: "என்னடா நத்தை, ஒரு ரூமாவது முடிச்சியா?" அவன் சிரிப்பான். அப்பனும் புள்ளையும் பேசிக்கிட்டது மொத்தமே அவ்வளவுதான். ஆனா அந்தப் போன் வரலன்னா மாமா வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருப்பார். போன் கெட்டுப் போச்சான்னு என்னை எடுத்துப் பாக்கச் சொல்லுவார்.

அந்த மாமாவுக்குத்தான் நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில சேத்தோம். டாக்டர் எங்க வீட்டுக்காரரைத் தனியாக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க"ன்னுட்டார். இவர் வெளிய வந்து என் மூஞ்சியப் பாத்தார். கொழுந்தனுக்குப் போன் போட்டோம். முதல் தடவையா அவன் எதையும் யோசிக்காம, மாத்துத் துணிகூட எடுக்காமக் கிளம்பினான்.

மாமாவுக்கு மூக்குலயும் வாயிலயும் மாஸ்க். பேச்சு வராது, ஆனா சொன்னா புரியும். அத்தை அவர் தலைமாட்டுலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாங்க. நெனவு வர்றப்பல்லாம் மாமா விரலை லேசாத் தூக்குவார். எங்க அவன்னு அர்த்தம். அத்தை குனிஞ்சு காதுல சொல்லுவாங்க: "விமானம் ஏறிட்டான். கிளம்பிட்டான்." அடுத்த தடவை: "பெரிய விமானத்தை விட்டு இறங்கி, நம்ம ஊருக்கு வர்ற சின்ன விமானத்துல மாறிட்டான். இன்னும் கொஞ்ச நேரந்தான், புடிச்சு வச்சுக்கோங்க." அவர் கண்ணை மூடித் திறப்பார். அந்த மூச்சை அவர் எப்படி இழுத்தார்னு நான் பாத்தேன். மனுஷன் உசிரைக் கையில புடிச்சு வச்சிருந்தார்.

எங்க வீட்டுக்காரர் போன்ல விமானம் எங்க வருதுன்னு காட்டற ஆப்பை வச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமா நின்னார். வார்டுக்குள்ள நெட்டு சரியா வராது. மஞ்சள் கலர்ல குட்டியா ஒரு விமானம், மேப்ல நகந்து நகந்து எங்க ஊர் கிட்ட வந்துச்சு. நானும் எட்டிப் பாத்தேன். ரன்வே கோட்டு மேலயே வந்து உக்காந்துச்சு. அப்படியே நின்னுடுச்சு, அப்புறம் அசையல. "இறங்கிட்டான்மா"ன்னார் இவர்.

அத்தை மாமாவோட கன்னத்துல கைய வச்சு, "கேட்டீங்களா, உங்க புள்ள இறங்கிட்டான், நம்ம ஊர் மண்ணுல கால் வச்சுட்டான்"னாங்க. மாமா முகம் அப்படியே தளந்துச்சு. நெத்திச் சுருக்கம்கூட இல்ல. ஒரு மூச்சு நீளமா விட்டார். அடுத்ததை உள்ள இழுக்கவே இல்ல. நர்ஸ் ஓடி வந்துச்சு, டாக்டர் வந்தார், ஒண்ணும் பண்ண முடியல.

அத்தை கத்தல. "ஏர்போர்ட்லேருந்து இங்க வர்றதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம், எல்லாத்துலயும் அவசரம்"னு அவர் கையைத் தடவிக்கிட்டே திட்டிக்கிட்டிருந்தாங்க. அப்பதான் இவர் போன் அடிச்சுது. இவர் எடுத்துக் காதுல வச்சவர், சுவர்ல சாஞ்சுட்டார். நான் புடுங்கிக் கேட்டேன். கொழுந்தன்தான். "அண்ணி, நம்ம ஊர்ல இறக்க முடியலன்னு வேற ஊருக்குக் கொண்டாந்துட்டாங்க. காத்தாம். இப்பதான் இறங்கினோம். பஸ் ஏத்தி அனுப்பறாங்க. வந்துக்கிட்டே இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க." அப்ப இவர் பாத்தது? நெட்டு போய் மேப் அப்படியே நின்னதை, இறங்கி நின்னுடுச்சுன்னு நெனச்சிருக்கார். நானும்தான் பாத்தேன், எனக்கும் தெரியலையே.

அத்தைகிட்ட நாங்க சொல்லல. அவங்களும் கேக்கல. "ஏர்போர்ட்ல பெட்டிக்கு நின்னுக்கிட்டிருப்பான். நத்தைதானே"ன்னாங்க. மறுநாள் காலையில கசங்கின சட்டையோட அவன் வந்து நின்னப்பவும், அவனைக் கட்டிக்கிட்டு அழுதாங்களே தவிர, ஏன்டா இவ்வளவு நேரம்னு ஒரு வார்த்தை கேக்கல. ராத்திரி போய் விடிஞ்சதுகூட அந்தத் துக்கத்துல அவங்களுக்குத் தெரியல, அவன் வழக்கமும் தெரிஞ்சதுதானே. அவனுக்காக வச்சிருந்து, அவன் பாத்தப்புறம் மாமாவை எடுத்தோம்.

துக்கம் கேக்க வர்றவங்ககிட்டயெல்லாம் அத்தை சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "புள்ள ஊர்ல கால் வைக்கற வரைக்கும் புடிச்சு வச்சிருந்தாரு. இறங்கிட்டான்னு நான் சொன்னேன், நிம்மதியாப் போயிட்டாரு. நாப்பது வருஷத்துல அவர் என் பேச்சைக் கேட்டது அன்னைக்குத்தான்." வந்தவங்க கண்ணைத் துடைச்சுக்குவாங்க. கொழுந்தன் மூலையில உக்காந்து தரையையே பாத்துக்கிட்டிருப்பான்.

ஒருநாள் மத்தியானம் நான் காய் நறுக்கறப்ப சமையக்கட்டு வாசப்படியில வந்து உக்காந்தான். அவனாச் சொன்னான்.

"எனக்கு ஜன்னல் சீட்டு அண்ணி. சின்ன விமானம், றெக்கை தலைக்கு மேல இருக்கும். ஜன்னல்லேருந்து பாத்தா சக்கரமே தெரியும். நல்ல வெயிலு. விமானத்தோட நிழல் கீழ தரையில கூடவே ஓடி வருது. முதல்ல சின்னதா, அப்புறம் பெருசா. நம்ம தண்ணித் தொட்டி தெரியுது, ரோடு தெரியுது. ரன்வே வந்ததும் நிழலும் சக்கரமும் ஒட்டப் போவுது. அப்பா, வந்துட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன். பெல்ட்ல கைய வச்சுட்டேன். அப்ப காத்து தூக்கி ஒரு ஆட்டு ஆட்டிச்சு. இன்ஜின் அலறிக்கிட்டு அப்படியே மேல கிளம்பிடுச்சு. நிழல் விலகிப் போவுது அண்ணி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், விலகிப் போவுது."

நான் கத்தியைக் கீழ வச்சுட்டேன்.

"எல்லாரும் அவங்கவங்க சாமியக் கூப்பிடறாங்க. பக்கத்துல ஒரு பெரியவர், என் கையப் புடிச்சுக்கிட்டு நடுங்கறார். அவங்களுக்கெல்லாம் எங்க மோதிடுமோன்னு பயம். எனக்கு அந்தப் பயமே வரல. மேல போவுதேன்னுதான் பயம். மோதினாலும் இங்கயே மோதட்டும்னு நெனச்சேன். அத்தனை பேரு உள்ள இருக்காங்க, கைக்குழந்தைகூட இருந்துச்சு. நான் அப்படி நெனச்சேன். ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வந்தாங்க. அந்தத் தடவை ரன்வே வரைக்கும்கூட வரல. அப்புறம் பைலட் வேற ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டார்."

"முதல் தடவை சக்கரம் லேசாப் பட்டிருக்குமோப்பா? உனக்குத் தெரியாம?" எனக்கு அப்படிக் கேக்கணும்போல இருந்துச்சு.

"இல்ல அண்ணி. பட்டா நிழலும் சக்கரமும் ஒட்டணும். ஒட்டல. நடுவுல வெளிச்சம் இருந்துச்சு. இடைவெளி பாக்கறதுதான் என் பொழப்பு, என் கண்ணுக்குத் தெரியாதா?"

சாயங்காலம் அண்ணன்கிட்ட சண்டைக்கே போயிட்டான். குரலை உசத்திப் பேசத் தெரியாதவன். "இறங்கிட்டான்னு நீ ஏன் சொன்ன? சொல்லாம இருந்திருந்தா எனக்காக இன்னும் கொஞ்சம் புடிச்சு வச்சிருந்திருப்பாரே. நான் மேல சுத்திக்கிட்டிருக்கேன், நீங்க இங்க வந்துட்டான்னு அனுப்பி வச்சுட்டீங்களே." இவர் அழுதுக்கிட்டே நின்னார். நான் நடுவுல போய், "அன்னைக்கு மறுநாள் காலையில வந்தவன் நீ. அதுவரைக்கும் அந்த மனுஷன் மூச்சுக்குத் திணறிக்கிட்டே கிடக்கணுமா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னமோ, வாய் சும்மா இருக்கல. அவன், "அம்மாகிட்ட நான் உண்மையைச் சொல்லத்தான் போறேன்"னான். "வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் இல்லாததைச் சொல்லிக்கிட்டிருக்காங்க. என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியல அண்ணி."

அவன் வாயை எப்படி அடைக்கறதுன்னு நான் தவிச்சுக்கிட்டிருந்தேன். கடைசியில சேதி வேற வாயிலேருந்து வந்துச்சு. டெய்லரம்மா வந்து உக்காந்துச்சு. அத்தை வழக்கம்போல கால் வச்ச கதையைச் சொன்னாங்க. அந்தம்மா வெள்ளந்தியா, "அன்னைக்கா? அன்னைக்கு அடிச்ச காத்துக்கு ஒரு விமானமும் நம்ம ஊர்ல இறங்கலையே. எங்க சம்பந்திகூட அன்னைக்கு விமானத்துலதான் வந்தாரு. கீழ வந்து வந்து மேல போச்சாம், உசிரே போய் வந்துச்சுன்னாரு"ன்னுச்சு. எனக்கு அந்தம்மா வாயைத் தச்சுடணும்போல இருந்துச்சு.

அத்தை மகனைத் திரும்பிப் பாத்தாங்க. எங்களை யாரையும் பாக்கல.

"நெசமாடா?"

அவன் எந்திரிச்சு வந்து அத்தை முன்னாடி உக்காந்தான். சொல்லிடுவான்னு தெரிஞ்சுபோச்சு எனக்கு. இவர் கண்ணை மூடிக்கிட்டார்.

"ஆமாம்மா. காத்து ரொம்ப. வேற ஊர்லதான் இறக்கினாங்க."

அத்தை முந்தானையை முறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. "நான் அவர் காதுல சொன்னேனேடா. கண்ணை மூடறவர்கிட்ட சொன்னேனே. அப்ப நான் பொய்யா சொல்லி அனுப்பினேன்?" அப்புறம் அவன் தாடையைப் புடிச்சு நிமித்தினாங்க. "கீழ வந்துச்சுன்னு சொல்றாங்களே. நம்ம மண்ணுல சக்கரம் பட்டுச்சா படலையா? எனக்கு அதை மட்டும் சொல்லு."

அவன் அத்தை கையைப் பாத்தான், அது இன்னும் முந்தானையை முறுக்கிக்கிட்டுதான் இருந்துச்சு.

"பட்டுச்சும்மா"ன்னான். "நல்லாப் பட்டுச்சு. பட்டுட்டுத்தான் மேல போச்சு."

"நெசமா?"

"ஜன்னல் வழியாப் பாத்தேன்மா. ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்ல."

அத்தை அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாங்க. "அப்ப நான் அவர்கிட்ட பொய் சொல்லல"ன்னாங்க. மாமா போனதுலேருந்து அத்தை சரியாத் தூங்கல. அன்னைக்குப் படுத்ததும் தூங்கிட்டாங்க. கடைசி வரைக்கும் அதை நம்பித்தான் இருந்தாங்க. அவங்களும் இப்ப இல்ல, அதனாலதான் இதை நான் வெளிய சொல்றேன்.

டெய்லரம்மாவை அனுப்பிட்டு வந்து பாத்தேன், கொழுந்தனைக் காணோம். மாமா ரூம் கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. கட்டில்ல மெத்தையைச் சுருட்டி வச்சிருந்தோம். அவன் கீழ உக்காந்து, வெறும் கட்டில் சட்டத்துல நெத்தியை வச்சுக்கிட்டிருந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் இருந்தான், பேசினது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

"அப்பா, அவங்க சொன்னதை நம்பாதீங்கப்பா. நான் அப்ப இறங்கல. இப்பதான்பா வந்தேன்."

நான் கதவைச் சத்தம் வராமச் சாத்திட்டு வந்துட்டேன்.