மலைப்பக்கம் சாய்கிறவள்

என் மனைவி சுபத்ரா கண்விழித்ததும் தேடுவது என்னையோ சாமி படத்தையோ அல்ல, கைப்பேசியை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கம்பளிக்குள் படுத்தபடியே, கிழக்குக் கரையில் இருக்கும் குவாந்தான் கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று கரையிலிருந்து அடிக்கிறதா கடலிலிருந்தா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள். ரிங்லெட் ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொழுந்து வெட்டுகிறவளுக்குக் கடற்காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன? கேட்டுப் பார்த்தேன். ஒரு முறைப்புத்தான் பதிலாக வந்தது.

எல்லாம் அவள் அக்கா யோகேஸ்வரி குவாந்தானில் வாழ்க்கைப்பட்டதால் வந்த வினை. ஒரு டிசம்பரில் அவளைப் பார்க்கப் போனோம். பக்கத்தில் தெலுக் செம்பெடாக் கடற்கரை. பிள்ளைகள் பலகைமேல் நின்று அலையில் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். இவளும் ஒரு பலகையை வாடகைக்கு எடுத்து இறங்கினாள். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

வடகிழக்குப் பருவம் தொடங்கினால் வீட்டில் நிம்மதி கிடையாது. மழை கொட்டும்போது மண் சரியுமோ என்று லயமே பயந்து கிடக்கும். இவள் மட்டும் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடப்பாள். "இங்கயே இந்தப் போடு போடுதுன்னா, அங்க அலை எப்படி இருக்கும்லா" என்பாள். அலை நன்றாக இருக்கும் வாரம் மண் விழுந்து ரோடு அடைத்திருக்கும். ரோடு திறந்தால் கடல் குளம்போல் கிடக்கும். இரண்டும் கூடிவந்தால் எனக்குக் கொழுந்து லோரி ஓட்டும் வேலை இருக்கும்.

போகிற ஒவ்வொரு முறையும் பலகையில் எழுந்து நிற்பாள், உடனே விழுவாள். மூன்று பருவமாக இதே கதை. எனக்கு அலுத்துவிட்டது. இந்தப் பிப்ரவரியில் அவளே சொன்னாள்: "இந்த சீசன்ல நிக்கலனா விட்டுடறேங்க. மாரியம்மா மேல சத்தியம்." சத்தியம் செய்தால் மீறமாட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பருவத்தின் கடைசி அலை ஒரு ஞாயிறில் வந்தது. சுங்கை கோயான் வழியாக இருட்டோடு கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், கரையில் சிவப்புக் கொடி. யாரும் இறங்கக் கூடாது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மணலில் இங்கும் அங்கும் நடந்தாள். அவளைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றியது. ஒருவழியாகக் காற்று தணிந்து கொடியை இறக்கினார்கள்.

இறங்கினாள். எழுந்தாள். மல்லாக்க விழுந்தாள். திரும்பத் திரும்ப அதேதான். நீச்சல் தெரியாத நான் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பிடிபட்டது. ஈரச்சரிவில் நாங்கள் எல்லாரும் நிற்பது அப்படித்தான்: குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பை மலைப்பக்கம் சாய்த்து. பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் மூட்டையோடு கீழே போகவேண்டியதுதான். இவள் பலகையிலும் அதே நிலையில், முதுகுக்குப் பின்னால் எழும் அலையை மலை என்று நம்பிச் சாய்ந்துகொண்டிருந்தாள். பலகையின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ள, அலை அவளை விட்டுவிட்டுப் போனது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அவள் கரையேறி என் பக்கத்தில் உட்கார்ந்து, "முடியலங்க" என்று அழுதாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தாங்க முடியவில்லை.

"சுபா, நீ மலைல நிக்கிற மாதிரியே நிக்கிறலா. பின்னால சாயாத. பள்ளத்துப் பக்கம் சாஞ்சு பாரு."

"விழுந்துட மாட்டேனா?"

"விழுந்தா தண்ணிதானே."

போனாள். அடுத்த அலை வந்தது. எழுந்தவள் ஒரு கணம் தயங்கிவிட்டு, முன்னால் சாய்ந்தாள். பலகை சரேலென்று இறங்கியது. விழவில்லை. நின்றபடியே கரைவரை வந்தாள். நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

மறுநாள் காலை லோரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கி வந்தவள், நேற்றுக் கடலில் கற்ற புதுச் சாய்வு சாய்ந்து, சேற்றில் சறுக்கிக்கொண்டு என் லோரி டயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன பிள்ள, மலைல பொறந்து வளந்தவ, நிக்கத் தெரியலயா?" என்றார் கங்காணி மாடசாமி.

சுபத்ரா சேற்றில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அடுத்த பருவத்துக்கு நவம்பர்வரை இருக்கிறது. அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"காலையிலயே ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டேன். நவம்பர்ல நமக்கு லீவு."