கங்கையின் வலது கரை

எனக்கு எழுபத்தொன்பது வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். அஞ்சும் சொந்தக் காலில் நிற்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு மேல் எனக்குப் படிப்பு கிடையாது. இருந்தாலும் இதை நானேதான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கமாக. என் மூத்த மகளின் படிப்பு நிற்கப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்.

எழுபதுகளின் கடைசி அது. சின்னமனூர்ப் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் நெல் வயல். பெரியாத்துத் தண்ணி பாயும். வீட்டுக்காரருக்கு வண்டி, மாடு, சந்தை என்று வெளிவேலை. தண்ணி பாய்ச்சுவது என் வேலை. மகள் எட்டாவது படித்தாள். பூகோளத்தில் கங்கை ஆறு வந்தது. நான் களை எடுக்க, அவள் வரப்பில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். யமுனை, சோன், கோமதி, காக்ரா, கண்டக், கோசி. எல்லாம் கங்கையில் வந்து விழுகிற ஆறுகள். பத்து நாளில் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒருநாள் கேட்டாள்: “ஆத்தா, யமுனையும் சோனும் வலது கரையில சேருதுன்னு போட்டிருக்கு. வலதுன்னா யாருக்கு வலது?”

எனக்குத் தெரியாததா? மடை திறக்கிறவள் தண்ணி வருகிற திசையைப் பார்த்துத்தான் நிற்பாள். முதுகைக் காட்டி நின்றால் வரப்பு உடைந்தாலும் தெரியாது. அவளை வாய்க்காலில் இறக்கி, அதே மாதிரி நிறுத்தினேன். “தண்ணிய எதுத்து நில்லு. ஒன் சோத்துக்கைப் பக்கம் வலது கரை.”

“வாத்தியார் வேற மாதிரியில்ல சொன்னாக?”

“அவுக மம்பட்டி பிடிச்சிருக்காகளா?” என்றேன்.

அரைப் பரீட்சையில் கங்கையைப் படம் வரைந்து ஆறுகளைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். கிழக்கே ஓடுகிற கங்கையில் நான் சொன்னபடி எதிர்த்து நின்றாள், நினைப்பில். யமுனையையும் சோனையும் வடக்கே போட்டாள். வடக்கே இருக்கவேண்டிய நாலையும் தெற்கே போட்டாள். பூகோளத்தில் பெயில்.

வீட்டுக்காரர் பரீட்சைத்தாளைத் தூக்கிப் பிடித்துச் சொன்னாக: “ஆறு ஆத்தையும் கரை மாத்தி ஓடவிட்டிருக்கா ஒம் மக. முழுப் பரீட்சையிலயும் இப்படின்னா போடிக்கு ஏலக்காய் ஆயக் கூலிக்குப் போகட்டும்.”

மகள் தரையைப் பார்த்து நின்றாள். ஆத்தாதான் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

“அவ மேல தப்பில்ல. நான் சொன்னதத்தான் எழுதியிருக்கா.”

அவுக சிரிச்சாக. “அப்ப நீயும் கூடப் போ. ரெண்டு பேரும் ஆயுங்க.”

“முழுப் பரீட்சை வரட்டும். அதுவரைக்கும் ஏலக்காய்ப் பேச்சே எடுக்காதீக.”

மறுநாள் வயலில் இருந்து சேற்றுக்காலோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. நடந்ததைச் சொன்னதும் வாத்தியார் சொன்னாக: “ஆறு போற திசையில நீங்களும் கூட நடக்கணும்மா. அப்ப எது வலதோ, அதுதான் வலது கரை.”

“எதுத்து நின்னாத்தானே சார் தண்ணி வர்றது தெரியும்?”

“வயலுக்கு நீங்க சொல்றது சரி. படத்துக்கு நான் சொல்றது சரி.”

யோசித்துப் பார்த்தேன். அவுக சொன்னதுதான் ஞாயம். ஒத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், தண்ணி போகிற பக்கமாக, வீரபாண்டி ஊரைப் பார்த்து நடக்கவிட்டேன். சோத்துக்கைப் பக்கம் மேகமலை. நொட்டாங்கைப் பக்கம் போடி மலை.

“மேகமலைப் பக்கமிருந்து யமுனையும் சோனும் வருதுன்னு வச்சுக்க. போடி மலைப் பக்கமிருந்து கோமதி, காக்ரா, கண்டக், கோசி. போடிக்கு நீ போக வேண்டாம், அந்த நாலும் வரட்டும்.”

அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அதுக்கப்புறம் நான் விடவில்லை. தண்ணி எடுக்கப் போகையில், மாட்டுக்குப் புல் அறுக்கையில், தலை சீவுகையில், “கோசி எங்கன?” என்பேன். நொட்டாங்கையை நீட்டுவாள். “சோன்?” சோத்துக்கை. வீட்டுக்காரருக்கு இது கேலியாகப் போய்விட்டது. “ஏ கோசி, அந்தச் செம்ப எடு” என்று அவளைக் கூப்பிட ஆரம்பிச்சாக. கூப்பிடட்டும் என்று விட்டேன். அதுவும் ஒரு பாடம்தானே.

முழுப் பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு அவுகளே பள்ளிக்கூடம் போய்ப் பார்த்து வந்தாக. தோள் துண்டை உதறிக் கொடியில் போட்டாக. கை கால் கழுவினாக. நான் அடுப்படியை விட்டு வரவில்லை.

“ஏ கோசி, ஒம்பதாவதுக்கு என்னென்ன புஸ்தகம் வாங்கணும்?”

ஏலக்காய்ப் பேச்சு அதோடு முடிந்தது.

அந்தக் கோசியின் மகள்தான் இப்போது எதிரே உட்கார்ந்து என் எழுத்தை எட்டிப் பார்க்கிறாள். இந்தா தாயி, முதலில் இருந்து சத்தமா வாசி. வலது, இடது வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி வாசி. ஏதாவது கரை மாறிக் கிடந்தால் சொல்லு, திருத்துகிறேன்.