தாராவுக்காக எழுதிய பெட்டிசம்

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த ரேசர் வாளிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கை நான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. மனைவி றீற்றாவைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது அவள் பெயராக இல்லை. அதன்பிறகு எதுவும் நினைவில் இல்லை.

ஆசுபத்திரியில் கண் விழித்த மூன்றாம் நாள் டொக்டர் கட்டிலருகே வந்து நின்றார். பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்.

"கால் வரும் ஐயா. கை... பாப்பம். ஆனால் நீங்கள் நடக்கோணும். வீட்டுக்குள்ள இல்லை, வெளியில."

முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் ஊர் தோட்டவெளியில் யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த வலக்கைதான் போனது.

இதே நோயோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். கோபத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் செய்ததை மறைக்காமல் சொல்லுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் குளம். பொல்லை இடக்கையில் ஊன்றி, வலக்காலை இழுத்துக்கொண்டு குளக்கட்டில் நடக்கத் தொடங்கினேன். அங்கேதான் அந்தத் தாரா (வாத்து) பழக்கமானது. வெள்ளை நிறம், முதுகில் மட்டும் மை கொட்டியது போல ஒரு கறுப்பு. யாருடையது என்று நான் கேட்கவில்லை. குளத்துத் தாரா என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் என்னுடையது என்று நினைத்தேன்.

தேநீரில் நனைத்த பாண் துண்டுகளைக் கொண்டுபோவேன். தின்று முடித்ததும் எனக்கு முன்னால் குளக்கட்டில் இறங்கி நடக்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும், திரும்பிப் பார்த்து ஏசும். பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி அது நடக்கிற விதத்தைப் பார்த்து, வருத்தம் என்று நாங்கள் சொல்லும் இந்த நோய் வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தேன். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது.

பேச்சுப் பயிற்சியும் அதனோடுதான். மனிதரிடம் பேசினால், நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இரக்கப்பட்டு மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். தாரா அப்படிச் செய்யாது. "பா... பாண்" என்று நான் சொல்லி முடிக்கும்வரை தலையைச் சரித்துக்கொண்டு நிற்கும்.

குளக்கட்டின் மறுகரையில் பின்னேரங்களில் சில்வெஸ்டர் கிழிந்த வலை பொத்துவார். பக்கத்து வளவுக்காரர், கடலில் மீன் பிடிப்பவர். கிடுகு வேலியை ஒரு அடி தள்ளிக் கட்டினார் என்று எட்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. வலையை விட்டுவிட்டு அடிக்கடி என்னையே பார்ப்பார். நான் விழுவதைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் முன்னால் விழக்கூடாது என்பதற்காகவே காலை ஊன்றி வைத்தேன்.

ஒரு நாள் பொல்லை வேலியில் சாத்திவிட்டு, தாராவின் பின்னால் குளத்தை முழுதாகச் சுற்றி வந்தேன். சில்வெஸ்டர் எழுந்து நின்று பார்த்தார். ஏமாந்துபோனார் என்று எனக்குள் ஒரே சந்தோசம், புளுகம்.

மறுநாள் தாரா இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பாண் துண்டுகள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. மூன்றாம் நாள் கடைக்கார பிலோமினாவிடம் கேட்டேன்.

"உங்கட தாராவோ? சில்வெஸ்டர் அண்ணை எல்லோ விடியக்காலமை கக்கத்துக்குள்ள இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினவர். அது போட்ட சத்தம்! ஆருக்கோ கறிக்குத்தான் இருக்கும். நல்ல ருசி எண்டு சொல்லுறவை."

அவள் சிரித்தாள். சில்வெஸ்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எட்டு வருடம் பேசாதவனிடம் ஒரு தாராவுக்காகப் போய் நிற்பதா என்று நினைத்தேன்.

பயிற்சி தரும் மிஸ் எனக்கு இரட்டைக்கோட்டுக் கொப்பி ஒன்று தந்திருந்தார், இடக்கையால் எழுதிப் பழக. என் வலக்கை எழுத்தை ஊரே அறியும். இடக்கை எழுத்தை யாரும் அறியமாட்டார்கள். அந்தக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டியிருந்த யுத்த காலம் அது. சில்வெஸ்டரின் படகு மீன் பிடிக்க மட்டும் போவதில்லை, அக்கரைக்குச் சாமான் கொண்டுபோகிறது என்று பாஸ் கொடுக்கும் கந்தோருக்கு எழுதினேன். அப்படி ஒரு வரி அந்தக் காலத்தில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். பெயர் போடாத புகார், மொட்டைப் பெட்டிசம்.

எழுதிக்கொண்டிருந்தபோது றீற்றா தேநீரும் ஒரு துண்டு அப்பமும் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, மந்திரிச்ச கோயில் அப்பம். சாப்பிடுங்கோ."

"ஆர் தந்தது?"

"கோயிலுக்குப் போனவை தந்தவை."

சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தை எழுதினேன்.

சில்வெஸ்டரைக் கூப்பிட்டு இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். பாஸைப் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அவருடைய படகு கரையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்ப்பதற்காகவே என் நடையைக் கடற்கரை வரைக்கும் நீட்டினேன். மணலில் நடப்பது காலுக்கு நல்ல பயிற்சி. அடுத்த கிளினிக்கில் டொக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன செய்தனீங்கள் ஐயா? இவ்வளவு கெதியா நான் எதிர்பார்க்கேல்லை" என்றார். பிறகு, "கோபம், அழுகை ஏதும் கூடுதலா வருகுதோ? இந்த வருத்தத்தில வரும். மருந்து இருக்கு" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் சில்வெஸ்டர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மெலிந்திருந்தார். றீற்றா கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"அண்ணை, கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேணும். ஆரோ நாசமாப் போவான் என்னைப் பற்றிப் பெட்டிசம் போட்டிட்டான்."

"என்ர தாராவைத் திண்டவருக்கு நான் கடிதம் எழுதுறதோ?" என்றேன். திக்காமல் வந்தது.

அவர் றீற்றாவைப் பார்த்தார். "அக்கா, நீங்கள் சொல்லேல்லையோ?"

"உன்ர பேரைச் சொன்னா அப்பத்தைத் துப்பிப் போடுவார் எண்டு சொல்லேல்லை, தம்பி" என்றாள் றீற்றா.

பிறகு சில்வெஸ்டர் சொன்னார். "அண்டைக்கு உங்களைத் தூக்கி ஆசுபத்திரிக்குப் போற வானில ஏத்தினது நான். வாய் கோணிக் கிடந்தீங்கள், பயந்திட்டன். நீங்கள் செத்திட்டா நான் வேலிக்கு ஆரோட சண்டை பிடிக்கிறது? பொல்லில்லாமல் குளத்தைச் சுத்திற அண்டைக்கு என்ர தாராவைத் தாறன் எண்டு அந்தோனியாருக்கு நேர்ந்தனான். நேர்த்தியை முடிக்கிறதுக்கு முதல் வருத்தக்காரருக்குச் சொல்லக்கூடாதெல்லோ. முடிச்சுப்போட்டு, அப்பத்தைக் கொண்டுவந்து அக்காவிட்டக் குடுத்தனான்."

எங்கள் பக்கத்தில் ஆட்டையும் சேவலையும் இப்படி நேர்வது எனக்கும் தெரிந்ததுதான். கோயிலில் ஏலம் விடுவார்கள். எனக்காக ஒருவர் நேர்வார், அதுவும் அவர் நேர்வார் என்பது மட்டும் என் புத்தியில் ஏறவில்லை. தாரா இல்லாமல் போனது நான் நடந்ததால்தான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பேச்சுக் குறைபாடு என்று சாட்டுச் சொல்ல முடியாது, அன்றைக்கு வாய் நன்றாகவே வேலை செய்தது. "நாளைக்கு எழுதித் தாறன்" என்று மட்டும் சொன்னேன்.

றீற்றாவைக் கொண்டு எழுதுவித்திருக்கலாம். அவள் கையெழுத்து நல்லது, நானும் தப்பியிருப்பேன். மறுநாள் காலை முழுவதும் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு பேனையை இடக்கையில் எடுத்து, அதே கொப்பியில் எழுதினேன்.

இருவரும் பஸ்ஸில் கந்தோருக்குப் போனோம். அவர் என்னைக் கைபிடித்து ஏற்றினார். அங்கே இளம் கிளாக்கர் ஒருவர் கடிதத்தை வாங்கி, பெட்டிசக் கோவையைத் திறந்து, உள்ளே இருந்த தாளையும் இதையும் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரு கை எழுதினது மாதிரிக் கிடக்கு."

"ஓம். ரெண்டும் நான்தான். முதலாவது பொய்" என்றேன்.

கிளாக்கர் பேனையை மேசையில் வைத்தார். சில்வெஸ்டர் குனிந்து இரண்டு தாளையும் வாசித்தார், ஒவ்வொரு வரியாக.

"இதில எழுத்து நல்லாத் திருந்தியிருக்கு, கிளாக்கர் ஐயா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "கை நல்லா வருகுது."

திரும்பும்போது வேறு சீற்றில் போய் இருந்தார். நான் இறங்கத் தடுமாறினேன். கொண்டக்டர்தான் பிடித்தார்.

பொய்ப் பெட்டிசம் எழுதியதற்காக என்னையும் ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். வருத்தக்காரன் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு தண்டனை கிடைத்திருந்தால் நல்லது என்று இருந்தது. சில்வெஸ்டருக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. அவர் பிறகு குளக்கட்டுக்கு வலை பொத்த வரவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்றுமுறை போனேன். மூன்றுமுறையும் அவர் மனைவி, "அவர் கடலில" என்றாள். படகு கரையில் நின்றது.

உங்களுக்குக் கோபம் வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அது காலை நடக்கவைக்கும், உண்மைதான். எங்கே நடக்கவைக்கிறது என்று பாருங்கள்.

முன்பு என் நாள் கந்தோர் மணியால் ஓடியது. இப்போது குளத்தை ஒருமுறை சுற்ற எவ்வளவு செல்லுமோ, அதுதான் எனக்கு நேரம். வலக்கை வரவில்லை. மடியில் கிடக்கிறது, பாரமாக, ஒரு தப்பும் செய்யாமல். குளிக்கும்போது இடக்கையால் அதற்குச் சவர்க்காரம் போட்டு விரல்விரலாகத் தேய்த்துக் கழுவுகிறேன். இடக்கையைக் கழுவத்தான் எனக்கு வேறு கையில்லை.