எங்கள் வீட்டுக் கெடுதலை வாங்கிக்கொண்ட பன்னிரண்டு மீன்கள்

இன்று காலை என் கடைசி மீனும் போய்ச் சேர்ந்தது.

புனே பக்கம் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெடிகுண்டுகளுக்கு நடுவே உலவி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்ற மாவீரன் நான். என்னைத் தோற்கடித்தது கண்ணுக்கே தெரியாத ஒரு ஜந்து.

மகன் கார்த்திக் விமான் நகரில் ஃபிளாட் வாங்கியபோது, ஹாலில் மீன் தொட்டி வை, வீட்டுக்கு வரும் கெடுதலை மீன் வாங்கிக்கொள்ளும் என்றார்கள்.

வைத்தோம். நீலக்கோடும் சிவப்புக்கோடும் போட்ட பன்னிரண்டு நியான் டெட்ரா. (சமுத்திரராஜனிடமே இப்படி ஒரு படை கிடையாது.)

மூன்று வாரம் முன்பு ஒரு மீனுக்குச் சிவப்பு வெளுத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, செத்து மிதந்தது.

அன்றைக்கே கார்த்திக்கின் ஐ.டி. கம்பெனியில் ஆட்குறைப்பு. பக்கத்து சீட்காரன் போனான். இவன் தப்பித்தான்.

"பாத்தீங்களா, நம்ம புள்ளைக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு" என்றாள் என் மனைவி சரோஜா. மீனுக்குத் துளசித் தொட்டியில் ராஜ மரியாதையுடன் அடக்கம்.

அடுத்து இரண்டு வெளுத்தன. மீன் கடை மராத்திக்காரரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அது ஒட்டுண்ணியாம். மீனின் சதையில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து குடித்தனம் நடத்துமாம். மருந்தே கிடையாதாம். வெளுத்ததை உடனே வெளியே எடுங்கள், செத்ததைக் கொத்தித் தின்றால் மற்றதற்கும் வரும் என்றார்.

வந்ததும் வலையை எடுத்தேன். சரோஜா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வெள்ளிக்கிழமதான ஆளத் தூக்குனாங்க, இந்த வெள்ளிக்கிழம வரைக்கும் இருக்கட்டுங்க. அது வாங்கிக்கிட்டத நாம வெளிய எடுத்துப் போட்டா, யாரு தலையில விழும்?"

ஊருக்கெல்லாம் பாதுகாப்பு விதி ஒப்பித்த மாவீரன் வலையைக் கீழே வைத்தான். (பழியை அவள் மேல் போடவில்லை. எனக்கும் அதே பயம்தான்.)

அந்த வெள்ளி தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. நோயாளி மீன்களைத் தொட்டியிலேயே வைத்துக் கும்பிட்டோம். மற்றவை அவற்றைக் கொத்தின.

இன்றும் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கார்த்திக் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே காபி கப், ஒரு ஸ்வெட்டர், எங்கள் போட்டோ.

காலித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஆபீஸ்லயும் மொத ஆளு போனப்ப, அவனோட முடிஞ்சுதுன்னு நாங்கல்லாம் கேன்டீன்ல சமோசா சாப்பிட்டோம்ப்பா."

சரோஜா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தொட்டி சும்மா இருக்கிறது. பையனும் சும்மா இருக்கிறான். தொட்டியை அதற்குள் வாட்ச்மேனும் எதிர் ஃபிளாட்காரரும் கேட்டுவிட்டார்கள்.

ஏழு வருட அனுபவமுள்ள பையனை யாராவது கேட்கிறீர்களா?