ஒருவரும் ஒன்றும் கேட்காத கூட்டம்

இன்று முதன்முறையாக, குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனேன்.

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று நடக்கிறது. ஆனால் தெரிந்த தமிழர் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் ரயில் மாறி மாறி, லண்டனின் மறுமுனையில் இருக்கும் சவுத்தாலுக்குப் போனேன்.

மண்டப வாசலில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி தமிழோ?”

அப்படியே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

“பயப்பிடாதேங்கோ. இஞ்ச பேரை மட்டும் சொன்னால் காணும். வேற ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். நானும் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில இருந்துதான் வாறன், எங்கட சனம் காணக்கூடாதெண்டு.”

அவர் சொன்னபடியே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது பேரை மட்டும் சொல்லிப் பேசினேன். அவர் பிஸ்கட் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

முடிந்ததும் இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வாசலை நெருங்கும்போது அவர் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

“அது சரி தம்பி, ஊரில எவடம்?”

என் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நானும் அதையே திருப்பிக் கேட்டேன்.

குடியை விட்டாலும் விடலாம் போலிருக்கிறது, இந்தக் கேள்வியை எங்களால் விட முடியாது. அதை விட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.